ஓர் அடிக்கோடு போதும்

மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையை இன்னும் கையால் அளந்துதான் விற்கிறார்கள். கைக்கு எட்டுகிற பொருளுக்கு அந்த அளவு போதும். மார்க்கெட்டுக்கு வெளியே நிற்கும் சின்ன கடிகாரக் கோபுரத்தைத் தாண்டி அரண்மனைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால், மைசூர்க்காரர்கள் 'தொட்ட கடியாரா' என்று சொல்லும் பெரிய கடிகாரம் வரும். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக 1927-ல் எழுப்பிய கோபுரம் அது. முகப்பில் கன்னட எண்கள், உயரம் 75 அடி.

75 அடி என்று எங்கேயோ எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏணி வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு கோணமானி, அதன் நடுவிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் ஒரு சின்ன எடை, விளிம்பில் ஒட்டிய உறிஞ்சு குழாய் ஆகியவை போதும். குழாய் வழியாகக் கோபுர உச்சியைப் பார்த்தால் நூல் காட்டும் பாகையிலிருந்து ஏற்றக்கோணம் கிடைத்துவிடும். ஓரிடத்தில் 30 பாகை. கோபுரத்தை நோக்கி 51 அடி நடந்து பார்த்தால் 45 பாகை.

இனி கணக்கு. 45 பாகைக்கு டேன் மதிப்பு 1. எனவே கிட்டே நிற்கும்போது, கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரமும் கோபுரத்துக்கு உள்ள தூரமும் சமம். 30 பாகை காட்டிய இடத்தில் தூரம் என்பது உயரத்தைப் போல √3 மடங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 51 அடி. ஆக, உயரம் × (√3 − 1) = 51.

முக்கோணவியல் இதோடு முடிந்தது. மீதி முழுக்க இயற்கணிதம். இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள். √3 − 1 என்பதைப் பார்த்ததும் கை தானாக √2 என்று எழுதிவிடும். 3-லிருந்து 1 போனால் 2, மேலே மூலக்குறி, அவ்வளவுதானே என்று. 51-ஐ √2-ஆல் வகுத்தால் 36 வரும். கண்மட்டத்துக்கு 5 அடி சேர்த்தால் 41. மகாராஜாவுக்காகக் கட்டிய கோபுரத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயிற்று. சரியான வழி, மேலும் கீழும் √3 + 1 ஆல் பெருக்குவது. கீழே 3 − 1 = 2 என்று மூலக்குறி மறைந்துவிடும். மேலே 51 × 2.732. விடை 69.7 அடி, கண்மட்டத்தின் 5 அடியைச் சேர்த்தால் ஏறக்குறைய 75.

மூலக்குறியைத் துடைத்த அந்த வித்தை ஒன்பதாம் வகுப்புச் சமாச்சாரம்: இரண்டு எண்களின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கினால் அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் வரும். பியூசியில் (பிளஸ் ஒன்னில்) சேர்ந்தபின், 'ட்ரிக்' என்கிற முக்கோணவியல் வரவில்லை என்று டியூஷன் தேடுகிற பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சைன், காஸ் எழுதிய வரி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த வரி உடைந்திருக்கும். கோடை விடுமுறையில் எதைப் புரட்டுவது என்று கேட்டால் என் பதில், முதலில் இயற்கணிதம்.

கோபுரக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கிட்டே நின்று பார்த்த கோணம் 45-க்குப் பதில் 46 என்று தவறாக அளந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஒரு பாகைதான். ஆனால் உயரம் மூன்றடிக்கு மேல் குறைந்துவிடும். 75 அடிக் கோபுரத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு நாட்டையே முக்கோணம் போட்டு அளந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

இதைக் கேட்கப் பொருத்தமான ஊர் மைசூரு. ஏனென்றால் அந்த வேலைக்கு விதை விழுந்தது இந்தச் சீமையில்தான். இங்கிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4-ஆம் தேதி வீழ்ந்தது. திப்பு சுல்தான் இறந்தார். கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயப் படையில் வில்லியம் லாம்டன் என்றொரு அதிகாரி இருந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர், பேச்சு குறைவு. பட்டாளத்து வேலையாகக் கனடாவில் கிடந்த ஆண்டுகளில் கணிதப் புத்தகங்களே துணையாக இருந்தவர். மைசூர் படையெடுப்பில் ஓர் இரவு, படைப்பிரிவு திசை தவறி எதிரியை நோக்கியே நடந்துகொண்டிருந்ததை வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்னவர் அவர்தான் என்று பின்னாளில் எழுதி வைத்தார்கள்.

போர் முடிந்ததும் வென்ற நிலத்தை அளக்க வேண்டிய தேவை கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வந்தது. வரி, பாதை, எல்லை எல்லாவற்றுக்கும் வரைபடம் வேண்டும். காலின் மெக்கன்சி என்ற அதிகாரி ஊர் ஊராக, ஏரி ஏரியாக மைசூர் நாட்டை அளக்கப் போனார். லாம்டன் கேட்டது வேறு: தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை முக்கோணங்களைக் கோக்க வேண்டும், கூடவே பூமியின் உருவத்தையும் கண்டறிய வேண்டும். தளபதி ஆர்தர் வெல்லஸ்லி பரிந்துரைத்தார், சென்னை அரசு சம்மதித்தது. 1800-ல் பெங்களூரு அருகே முதல் அடிக்கோட்டை அளந்து பார்த்தார்கள். நல்ல கருவிகள் வந்து சேர்ந்தபின், 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலை அருகே வேலை புதிதாகத் தொடங்கியது.

அடிக்கோடு என்பது தரையில் நிஜமாகவே அளக்கிற ஒரே கோடு. பரங்கிமலையில் அதன் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அளந்த சங்கிலி 100 அடி. இரண்டரை அடி நீளமுள்ள 40 எஃகுத் துண்டுகளைக் கோத்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்றதால் சுற்றிச் சுற்றி லாம்டன் கைக்கு வந்தது. அதை ஏறத்தாழ 400 தடவை முனையோடு முனை சேர்த்து வைக்க வேண்டும். சென்னை வெயிலில் எஃகு நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே 12 கிலோமீட்டருக்கு 14 சென்டிமீட்டர் அளவுக்குக் கணக்குப் பிசகும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழலுக்குக் கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவையும் வெப்பத்துக்குத் தக்கபடி திருத்தினார்கள். ஒரே கோட்டுக்கு இத்தனை அமர்க்களம் எதற்கென்றால், அதற்கப்புறம், சரிபார்க்கத் தவிர, நீளம் எதையும் அளக்கப் போவதில்லை என்பதால்தான். அடுத்த கோடுகள் எல்லாம் கணக்கிலிருந்து பிறக்கும்.

எப்படிப் பிறக்கின்றன? அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் ஒரு குன்றைப் பார்க்கிறோம். ஒரு முனையில் அது அடிக்கோட்டோடு 40 பாகை, மறு முனையில் 35 பாகை காட்டுகிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 என்பதால் குன்றின் உச்சியில் அமையும் கோணம் 105. எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் கிடைப்பது மூன்று பக்கங்களுக்கும் ஒரே எண்தான். இதுதான் சைன் விதி. ஆகவே முதல் முனையிலிருந்து குன்றுக்கு உள்ள தூரம் 12-ஐ சைன் 35-ஆல் பெருக்கி, சைன் 105-ஆல் வகுத்தது: 7.13 கிலோமீட்டர். குன்றுக்கு யாரும் நடந்து போகவில்லை. இனி அந்த 7.13 கிலோமீட்டரே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு.

இங்கே ஒரு கேள்வி வராவிட்டால் பத்தாம் வகுப்பைச் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். சைன் என்றால் எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம் என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்? அது செங்கோண முக்கோணத்துக்கு. செங்கோண முக்கோணத்தில் 105 பாகைக் கோணம் எங்கிருந்து வரும்? ஒரு கோணம் 90 ஆகிவிட்டால் மற்ற இரண்டும் 90-க்குக் கீழேதான். அப்படியானால் சைன் 105 என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை!

எஸ்.எஸ்.எல்.சி.க்கும் பியூசிக்கும் (நம் ஊர்க் கணக்கில் பத்துக்கும் பிளஸ் ஒன்னுக்கும்) நடுவே உள்ள பள்ளம் இதுதான் என்பேன். பாடநூல் இதை ஒன்றிரண்டு பக்கங்களில் தாண்டிவிடுகிறது. வகுப்பில் ஒரு நாள் போதும். பிள்ளையோ பழைய செங்கோண முக்கோணத்தையே மனசில் வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் தடுமாறும்.

புதிய அர்த்தம் வட்டத்திலிருந்து வருகிறது. ஆரம் 1 உள்ள ஒரு வட்டம். அதன் வலது கோடியிலிருந்து ஒரு புள்ளி கிளம்பி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. எத்தனை பாகை சுற்றியதோ அதன் சைன் என்பது, அந்த இடத்தில் புள்ளி நடுக்கோட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. காஸ் என்பது, மையத்திலிருந்து வலப்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. 90-க்குள் இருக்கும் வரை பழைய முக்கோணமும் இந்த வட்டமும் ஒரே விடை சொல்லும். 90-ஐத் தாண்டினால் முக்கோணம் கையை விரிக்கும், வட்டம் தொடர்ந்து சுற்றும். 120 பாகையில் புள்ளி இடப்பக்கம் போயிருக்கும். உயரம் 60 பாகையில் இருந்த அதே உயரம். ஆகவே சைன் 120-ம் சைன் 60-ம் ஒன்று. ஆனால் காஸ் 120 என்பது −½. அந்தக் கழித்தல் குறி மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமே இல்லை, புள்ளி இடது பக்கம் நிற்கிறது என்பதற்கான அடையாளம். அதே போல 105 பாகையின் உயரமும் 75 பாகையின் உயரமும் ஒன்று. சைன் 105 இப்படித்தான் அர்த்தம் பெறுகிறது.

(கழித்தல் குறி என்றதும் நினைவுக்கு வருபவர் கணித அறிஞர் மகாவீரர். 850-ஆம் ஆண்டு வாக்கில், இதே கன்னட நாட்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் 'கணித சார சங்கிரகம்' எழுதியவர். எதிர் எண் இயல்பாகவே எதற்கும் வர்க்கமாக இருக்க முடியாது, ஆகையால் அதற்கு வர்க்கமூலம் கிடையாது என்று திட்டமாகச் சொன்னார். அந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-ல் சென்னையில் பதிப்பித்தவர் எம். ரங்காச்சாரியார். மகாவீரர் சாத்திய கதவைத் திறப்பதுதான் பியூசி முதலாண்டின் கலப்பெண்கள் பாடம். அது வேறு கதை.)

இனி சூத்திரங்கள். பியூசியில் முக்கோணவியல் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். கூட்டுக்கோணம், இரட்டைக்கோணம், மும்மடங்குக் கோணம், கூட்டலைப் பெருக்கலாக்குவது என்று முப்பதுக்குக் குறையாமல். அதைச் சுவரில் ஒட்டி, காலை மாலை ஓதுகிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. லாம்டன் ஒரு கோட்டை மட்டும் அளந்ததை நினைத்துக்கொண்டால் ஓத வேண்டியது எவ்வளவு என்று புரியும். இந்தப் பட்டியலுக்கும் ஓர் அடிக்கோடு உண்டு. அதைப் பத்தாம் வகுப்புச் சரக்கை வைத்தே அளந்துவிடலாம்.

வட்டத்தின்மேல் இரண்டு புள்ளிகள். ஒன்று 'அ' பாகை சுற்றியது, மற்றது 'ஆ' பாகை சுற்றியது. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டுத் தூரம் என்ன? ஆயத்தொலைவுப் பாடத்தில் படித்த சூத்திரப்படி, கிடைமட்ட வித்தியாசத்தின் வர்க்கமும் செங்குத்து வித்தியாசத்தின் வர்க்கமும் சேர்ந்தது தூரத்தின் வர்க்கம்: (காஸ் அ − காஸ் ஆ)² + (சைன் அ − சைன் ஆ)². விரித்து எழுதுங்கள். காஸ் அ-வின் வர்க்கமும் சைன் அ-வின் வர்க்கமும் சேர்ந்து 1, ஆ-வுக்கும் அப்படியே 1. மீதி: 2 − 2 (காஸ் அ காஸ் ஆ + சைன் அ சைன் ஆ).

இப்போது வட்டத்தை அப்படியே திருப்பி, 'ஆ' புள்ளி வலது கோடிக்கு வரும்படி வையுங்கள். திருப்பினால் தூரம் மாறாது. 'அ' புள்ளி இப்போது (அ − ஆ) பாகையில் நிற்கும். அதே தூரத்தை இங்கே கணக்கிட்டால் 2 − 2 காஸ் (அ − ஆ). ஒரே தூரத்துக்கு இரண்டு விடை இருக்க முடியாது. ஆகவே,

காஸ் (அ − ஆ) = காஸ் அ காஸ் ஆ + சைன் அ சைன் ஆ.

அளந்தாயிற்று. 'ஆ'-வை எதிர்த்திசையில் சுற்றினால் காஸ் (அ + ஆ) கிடைக்கும். ஒரு கோணத்தின் சைன் என்பது 90-லிருந்து அதைக் கழித்த கோணத்தின் காஸ்; அதைப் போட்டால் சைன் கூட்டலும் கழித்தலும். இரண்டு கோணத்தையும் ஒன்றாக்கினால் இரட்டைக்கோணம். கூட்டல் சூத்திரத்தையும் கழித்தல் சூத்திரத்தையும் சேர்த்தால் பெருக்கல் வடிவங்கள். சுவரில் ஒட்டிய பட்டியல் முழுக்க அரை மணி நேரத்தில் ஒரு தாளில் வந்துவிடும். தேர்வில் ஒரு சூத்திரம் மறந்துபோனாலும் மூன்று வரியில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இந்த வேலையை ஒரு தடவை சொந்தக் கையால் செய்துபார்த்த பிள்ளையை யாரும் 'ட்ரிக்' காட்டிப் பயமுறுத்த முடியாது.

கவனித்தீர்களா, இங்கும் வேலை முழுக்க இயற்கணிதம்தான். ஒரு வித்தியாசத்தின் வர்க்கத்தை விரிக்கத் தெரிய வேண்டும், நடுவில் வரும் இரட்டிப்பு உறுப்பை விடாமல். (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுகிற பிள்ளைதான் நாளைக்கு சைன் (அ + ஆ) என்பதை சைன் அ + சைன் ஆ என்று எழுதும். √3 − 1-ஐ √2 ஆக்கியதும் இதே பழக்கம்தான். வர்க்கம், மூலம், சைன் எதுவானாலும் அடைப்புக்குறிக்குள் புகுந்து இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போடும் என்ற நம்பிக்கை. இதைக் குணமாக்க விதியைச் சொல்லிப் பயனில்லை. எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சைன் 30 என்பது ½. இரண்டு அரை சேர்ந்தால் 1. ஆனால் சைன் 60 என்பது 0.866. கோபுர உச்சிக்கு ஏறாமலே உண்மை தெரிந்துவிடும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்பதை லாம்டனின் ஆட்கள் கிலோமீட்டர் கணக்கில் செய்தார்கள். கோணம் அளக்க அவர்களிடம் இருந்தது, லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட். எடை அரை டன். அதை நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோனது; பின்பு மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினார். ஒரு பாகைத் தவறு ஒரு கடிகாரக் கோபுரத்தில் மூன்றடியைத் தின்னும் என்று பார்த்தோமே. இவர்கள் ஒரு பாகையை 3600 பங்காக்கி, அதில் ஒன்றிரண்டு பங்குக்குக் கவலைப்பட்டார்கள். அந்த நுட்பத்துக்குப் போனபின் முக்கோணத்தின் மூன்று கோணங்கள் 180-க்குக் கொஞ்சம் மேலே போவதும் தெரியும். உருண்டை பூமியில் வரைந்த முக்கோணம் அது. 200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணத்தில் மிகை, அந்த 3600 பங்கில் ஏறத்தாழ ஒன்று.

இத்தனைக்கும் பிறகு கணக்கை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1804-ல் பெங்களூருவில் இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். அதே கோட்டின் நீளம், பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நடந்து வந்த கணக்கிலும் கிடைத்திருந்தது. பதினோரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கோட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. முக்கோணங்கள் மேற்கே மங்களூர் வரை போனபோது, அதுவரை 400 மைல் என்று வரைபடங்கள் காட்டிய தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று ஆயிற்று. 40 மைல் நிலம் சைன் விதியில் கரைந்துபோனது.

வேறு வழியில் வந்து அதே இடத்தைச் சேர்வது: வீட்டில் உட்கார்ந்து கணக்குப் புரட்டும் பிள்ளைக்கும் இந்தச் சோதனை உண்டு. நம் குன்றுக்குத் தேவைப்பட்ட சைன் 75-ஐ எடுத்துக்கொள்வோம். 45-ம் 30-ம் சேர்த்து ஒரு வழி. விடை (√3 + 1) / 2√2, அதாவது 0.9659. இப்போது 120-லிருந்து 45-ஐக் கழித்து வாருங்கள். சைன் 120-ஐ காஸ் 45-ஆல் பெருக்கி, அதிலிருந்து காஸ் 120 × சைன் 45-ஐக் கழிக்க வேண்டும். காஸ் 120 என்பது −½. கழித்தலில் கழித்தல் போய்க் கூட்டலாகி, அதே 0.9659 வரும்.

புள்ளி இடப்பக்கம் நிற்பதை மறந்து காஸ் 120-ஐ ½ என்று போட்டால் 0.2588 வரும். அந்த எண்ணைச் சைன் விதியில் வைத்தால், 7 கிலோமீட்டரில் இருந்த குன்று 26 கிலோமீட்டருக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிடும்.